தொங்கும்போது எடுத்த அளவு

வேண்டியவர் எடுத்துக் கொடுத்த அளவை நம்பி எதையாவது வெட்டியிருக்கிறீர்களா?

நான் வெட்டினேன். டிரைவ் ஷாஃப்ட். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய். என் பழைய ஃபோர் வீல் ஜீப்புக்கு அசல் ஷாஃப்ட் எங்கேயும் கிடைக்கவில்லை. புது வண்டி ஒன்றில் கழற்றியது கிடைத்தது, ஆனால் நீளம் அதிகம். வெட்டிக் குறைத்து வெல்டு வைக்க வேண்டும்.

ஜீப் ஓடினால் மலைமேல் கல்குவாரிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலை எனக்கு. ஓடாவிட்டால் மாமாவின் பட்டறையிலேயே காலம் தள்ள வேண்டியதுதான். அக்காவின் கணவர் அவர். என்னை இவ்வளவு தூரம் கூட்டிவந்தவரும் அவரே. லேத்தில் எனக்குப் பதிலாக நிற்க அவருக்கு ஆள் இல்லை. நான் போகப்போவதாகச் சொன்ன அன்று, "நல்லா இரு" என்றார். முகம் வேறொன்றைச் சொன்னது.

"அளவை நான் எடுக்கறேன் மாப்ள. நீ உள்ள லேத்தப் பாரு."

அவர் சொன்ன அளவைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டேன். இரண்டு முனையும் ஒரே நேராக அமைய, குழாயின் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டு வெட்டினேன். என் வேலையில் நூல் பிசகவில்லை.

"இந்தத் தகர டப்பாவுக்கு இவ்ளோ சீராட்டா?" என்று சிரித்தார் பட்டறையில் வண்டிகளுக்கு வண்ணமடிக்கும் பெயிண்டர்.

"பொறாமைப்படாதீங்க. குவாரிக்கு வாங்க, முன் சீட்டு உங்களுக்குத்தான்."

வண்டியை லிஃப்டில் தூக்கி வைத்தபடியே ஷாஃப்டை மாட்டினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே இறக்கி வெளியே ஓட்டினேன். தெருமுனைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் அடியில் 'டமார்' என்றது. ஷாஃப்ட் உள்வாங்க இடமில்லாமல் கியர்பாக்ஸை முட்டி, அதன் கூட்டைப் பிளந்துவிட்டது. ரோடெல்லாம் ஆயில். அந்தக் காலத்து வண்டி. மாற்றுக் கூடு கிடைக்காது.

வண்டியைத் தள்ள வந்த பெயிண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே டேப் வெச்சாருப்பா. நான்கூட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பொத்திக்கிட்டு பெயிண்ட அடின்னாரு."

தொங்கும் அச்சு கீழே தாழ்ந்திருக்கும். அளவு கூடுதலாகத்தான் வரும். தரையில் நின்றால் அச்சு மேலேறி, ஷாஃப்டுக்கான இடம் குறைந்துவிடும். வண்டியைத் தரையில் நிறுத்தாமல் அளந்ததற்காக ஒரு ஃபிட்டரை ஸ்பேனரால் அடிக்கப் போனவர் மாமா.

குவாரிக்காரர் போனில், "வேற வண்டி பாத்துட்டோம் தம்பி" என்றார்.

வீட்டில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தொங்கவிட்டு அளந்தீங்களா மாமா?"

"மனுஷன்னா தப்பு வராதா மாப்ள?"

"உங்களுக்கா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அக்கா எனக்குத் தட்டு வைத்தாள்.

"விடுடா. போன வாரமே சொன்னாரு, நீ எங்கயும் போகமாட்டேன்னு. எனக்கு அப்பதான் நிம்மதி."

"போன வாரமேவா?"

"உக்காரு, ஆறிடும்."

மறுநாள் காலை ஒருவர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கும் ஷாஃப்ட் குறைக்க வேண்டியிருந்தது. மாமா வண்டியைத் தரையில் நிறுத்தச் சொல்லி, அடியில் படுத்து அளவெடுத்தார். நான் லேத்தின் ஸ்விட்சைப் போட்டேன்.