சகலையின் பிரேக் பேட்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சாப்பாட்டு மேசையில் என் சகலை சொன்னதிலிருந்து எடுத்தது. அவர், அதாவது என் மனைவியின் தங்கை கணவர், பிரேக் பேடுகளைச் சோதிக்கும் கூடத்தில் பொறியாளர். மோட்டார் ஓர் இரும்புத் தட்டை முழு வேகத்தில் சுழற்றும். பேடுகள் இருபுறமும் கவ்வும், விடும், மறுபடி கவ்வும். சூடேறச் சூடேறப் பிடிப்பு தளர்வதைத் திரையில் ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு சரிவதை அவர் கரண்டியால் நடித்துக் காட்டினார். என் சட்டையில் கறை. எல்லோரும் சாப்பிட மறந்தார்கள்.

"எவ்வளவு அழகா சொல்றாரு பாருங்க," என்றாள் மனைவி.

என் எந்தக் கதைக்கும் அவள் ஒரு வாய் உணவைத் தள்ளிப்போட்டதில்லை.

2

என் கதைக்கு முதல் வரி: "சூடேறிய இரும்பின் வாசனை அந்தக் கூடத்தில்..." (இது அவர் சொன்னது. வேண்டாம்.)

"பிடிப்பு என்பதே ஒரு நம்பிக்கை, அது..." (இதை யாருமே சொல்ல மாட்டார்கள். இதுவும் வேண்டாம்.)

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். என் கதையின் சோதனையாளன் பொறாமைக்காரன். உடன் வேலை செய்யும் நண்பன் புதுக் கலவையில் ஒரு பேடு செய்திருக்கிறான்; அது தேறினால் நண்பனுக்குப் பதவி உயர்வு. புதுப் பேடை முதலில் மெதுவாகப் பலமுறை தேய்த்து, தட்டோடு படியவைத்த பிறகே அளக்க வேண்டும். இவன் வேண்டுமென்றே படியவைக்காமல் அளக்கிறான். பேடு அங்கங்கே மட்டும் தொடுகிறது. கோடு கீழே கிடக்கிறது.*

* இவனுக்குச் சகலையின் மீசையை வைத்தேன். மூக்கையும்.

3

மனைவி படித்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரரையா எழுதியிருக்கீங்க?"

"கற்பனைம்மா."

"வயித்தெரிச்சல் உங்களுக்கு, பழி அவருக்கா? எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. தப்பு கிப்பு இருக்கப்போகுது."

அவள் பக்கத்தில் நிற்க, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். சகலை சிரித்தார்.

"மாட்டிக்குவான் சகல! மொதல்ல பிடிக்காதுதான். ஆனா ஓட ஓட பேடு தானா படிஞ்சிரும். கோடு மேல ஏறும். அவன் கண்ணு முன்னாடியே ஏறும். அப்ப அவன் மூஞ்சிய யோசிச்சுப் பாருங்க!"

"ஐயோ," என்றாள் மனைவி, கண் விரிய. என் தாள்கள் அவள் கையிலிருந்து மேசைக்குப் போயிருந்தன.

4

முடிவு ஒன்று: கோடு ஏறுமுன் அவன் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறான். நண்பனின் பேடு தேறவில்லை. மட்டமான முடிவுதான், ஆனால் என்னுடையது.

முடிவு இரண்டு: நிறுத்தாமல், ஏறும் கோட்டைப் பார்த்தபடி நிற்கிறான். இது சகலையின் முடிவு. நல்ல முடிவு. (அதுதான் தாங்கவில்லை.) அந்த முகத்தை எழுதிப் பார்த்தேன்: "அவன் உதடுகள் முதலில்..." வரவில்லை. சகலை என்றால் கரண்டியே இல்லாமல் நடித்துக் காட்டியிருப்பார்.

ஆக, கோடு ஏறத் தொடங்கிவிட்டது. அவன் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருக்கிறது. நான் அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அழுத்துவதும் எடுப்பதும் உங்கள் பாடு. எடுத்தீர்களானால், முடிவு நன்றாக இருந்தது என்று என் வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.