பாண்டீஸ்வரி கிணற்றில் மிதந்த சனி

1998-ஆம் ஆண்டு புரட்டாசி நான்காம் சனிக்கிழமை இரவு எட்டேகால் மணிக்குச் சனிக்கோள் கீழக்குயில்குடி பாண்டீஸ்வரியின் கிணற்றில் இறங்கி, ஐம்பது நிமிடம் மிதந்துவிட்டு மேலே போனது. அந்த நேரத்தில் மதுரை மொட்டைமாடிகளில் தொலைநோக்கி வைத்திருந்த ஆறு பேர் கிழக்கு வானத்தில் அதைத் தேடிக் காணாமல், மேகம் மறைத்துவிட்டதாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்று மேகம் எதுவும் இல்லை.

பாண்டீஸ்வரிக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. கல்யாணமான மூன்றாம் வருடம் கணவன் சோணை வரப்பில் பாம்பு கடித்து இறந்தான். சனி பிடித்தவள் வந்துதான் அண்ணனைக் கொண்டுபோனாள் என்று கொழுந்தன் ஜெயபாண்டி துக்க வீட்டிலேயே சொன்னான். நாளடைவில் அது சனியன் என்று சுருங்கி, அவள் பெயராகவே ஆகிவிட்டது. பதினோரு வருடமாக அவள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. எதிரே வருபவர்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்க விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினாள். அடுத்து வரும் ஐப்பசியில் ஜெயபாண்டி மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். அது முடியும்வரை ஊரில் இருக்க வேண்டாம், திருவாதவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடட்டும் என்று அவன் ஆள்விட்டுச் சொல்லியிருந்தான். அவளும் சேலைகளை மூட்டை கட்டிவிட்டாள்.

கிணற்றை ஒட்டிய அவளுடைய தரிசில், ஒரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் கே.கே. நகர் ஹம்சவேணி வந்து தொலைநோக்கி வைத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். எட்டு மாதம் கையாலேயே தேய்த்து ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றைச் செய்து, அதை பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி அந்தத் தொலைநோக்கியைக் கட்டியிருந்தாள். அவள் தெருவில் புதிதாகப் போட்ட மஞ்சள் விளக்குகள் வானத்தைத் தின்றுவிட்டதால் ஆட்டோவில் குழாயை ஏற்றிக்கொண்டு இருட்டைத் தேடி வந்தவள். சனியன் என்ற பெயர் அவளுக்குத் தெரியாது. பாண்டீஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

அன்றைக்குத்தான் பாண்டீஸ்வரி முதன்முதலாகக் குழாயில் கண் வைத்தாள். வியாழனும் அதன் பக்கத்தில் ஒரே வரிசையில் நின்ற நான்கு நிலாக்களும் தெரிந்தன. தெற்கே தனியாக ஒரு நட்சத்திரம், சுற்றிலும் துணைக்கு ஒன்றும் இல்லாமல், கலங்காமல் எரிந்தது. வடகிழக்கில், நான்கு நட்சத்திரங்கள் கட்டம் கட்டி நின்ற இடத்துக்கு அப்பால், ஊதிவிட்ட திருநீறு போல ஒரு மங்கல் தெரிந்தது. அதிலிருந்து வரும் வெளிச்சம் பூமியில் மனுசப்பிறவியே இல்லாத காலத்தில் கிளம்பியது என்று ஹம்சவேணி சொன்னாள். இவ்வளவு தூரம் வந்த வெளிச்சம் தன் கண்ணில் வந்து விழுந்ததற்குப் பாண்டீஸ்வரி யாரிடம் நன்றி சொல்வதென்று தெரியாமல் நின்றாள்.

அடுத்தது சனி என்றதும் பின்வாங்கினாள். ஹம்சவேணி வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாண்டீஸ்வரி தானாகவே குனிந்தாள். கறுப்பு வெளியில், எதையும் தொடாத ஒரு வளையத்துக்கு நடுவே, பொன்னிறத்தில் சின்னதாக அது நின்றது. வெகுநேரம் அவள் தலையை எடுக்கவில்லை.

"இம்புட்டு அழகா இருக்கேக்கா. இதையச் சொல்லியா என்னைய வையிறாக?"

ஹம்சவேணிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஆறுதல் சொல்லத் தெரியாமல், தெரிந்ததைச் சொன்னாள். சனி தண்ணீரைவிட லேசானது. அதைப் போட அவ்வளவு பெரிய கடல் இருந்தால் மூழ்காது, மிதக்கும்.

"என் கெணத்துல இடுப்புத் தண்ணி கெடக்கு. வந்தா வரட்டும்" என்றாள் பாண்டீஸ்வரி.

வந்தது. சத்தமில்லாமல், காற்றுக்கூட அசையாமல், நேரே கிணற்றுக்குள் இறங்கியது. கோளம் ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது, வளையம் வண்டிச் சக்கரத்தின் அகலம். கிணற்றுச் சுவரின் ஒவ்வொரு கல்லும், பொந்திலிருந்த புறாக்களும், தண்ணீருக்கடியில் மீன்களும் பொன்னாகத் தெரிந்தன. வளையம் கல்லில் முட்டி உடைந்துவிடுமோ என்று பயந்து, பாண்டீஸ்வரி படியில் இறங்கித் தண்ணீரில் நின்று, அது சுவரோரம் ஒதுங்கும்போதெல்லாம் விரல் நுனியால் நடுவுக்குத் தள்ளிவிட்டாள். தேங்காய் நார் மாதிரி கனமில்லாமல் இருந்தது, விறைக்கிற குளிர். ஹம்சவேணி மேலே உட்கார்ந்து அழுதுகொண்டே நேரத்தைக் குறித்தாள்.

வெளிச்சத்தைக் கண்டு தோட்டத்தில் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்த ஜெயபாண்டி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். தண்ணீரில் நின்ற பாண்டீஸ்வரியிடம், "படி வழுக்கும், மதினி. பாத்து ஏறுங்க" என்றான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டான்.

ஒன்பது ஐந்துக்கு அது எழும்பித் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் ஜெயபாண்டி பெண்டாட்டியோடு வந்து வெற்றிலை பாக்கு வைத்துச் சடங்குக்கு அழைத்தான். பாண்டீஸ்வரி போய், முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சனியன் என்ற பட்டம் ஊரில் யார் வாயிலும் அதற்குப் பிறகு வரவில்லை.

சனி வருடம் தவறாமல் கிணற்றுக்கு வந்தது, வானத்தில் அதன் கணக்குப்படி ஒவ்வொரு வருடமும் பதின்மூன்று நாள் பிந்தி. அடுத்த வருடம் ஐப்பசி, 2001-இல் கார்த்திகை, 2004-இல் மார்கழி. அது வரும் நாளில் கிணற்றுத் தண்ணீர் குறைந்துவிடக் கூடாது என்று சுற்றுவட்டாரத்தில் யாரும் மோட்டார் போடுவதில்லை. அந்த மார்கழியில் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி கிணற்றோரம் கூட்டத்தைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாள். சனி வந்திருக்கு என்றார்கள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் இடம்விடச் சொன்னாள்.