எடைக்கு எடை பூ

உளுந்தங்களியின் நடுவில் குழி பறித்து முத்துப்பேச்சி ஊற்றிய நல்லெண்ணெய் குளம் கட்டி நின்றது. ஓரமாகக் கருப்பட்டி கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தி அந்தக் கிண்ணத்தை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எதிரிதான், ஆனால் வாசம் பிடித்துத் தொலைக்கிறதே! நேற்று ராத்திரிதான் இனிமேல் களியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அதற்கு முந்தின வாரமும் அதே முடிவைத்தான் எடுத்திருந்தாள்.

"வேணாம் அத்தை. வயிறு திம்முனு இருக்கு."

"பால் குடுக்குறவ வேணாங்கலாமா? இடுப்பு கூடணும்ல. சாப்புடு, நான் பாத்திரம் கழுவணும்."

முத்துப்பேச்சி எதிரில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்துவிட்டால் கிண்ணம் காலியாகாமல் எழுந்திருக்க மாட்டாள். மாமியார்கள் எத்தனையோ விதத்தில் மருமகளை வதைப்பார்கள் என்று திண்டுக்கல்லில் ஆனந்தியின் சேக்காளிகள் கல்யாணத்துக்கு முன்பு சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். சோறு போட்டே வதைக்கிற மாமியாரைப் பற்றி ஒருத்தியும் சொல்லவில்லை. ஆனந்தி வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது நன்றாகத்தான் இருந்தது. கை கழுவும்போதுதான் அழுகை வந்தது.

வெறும் அழகுக்காக அழுதாள் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் உண்டு, இல்லாமல் இல்லை. பூட்டுப் பட்டறைக்காரர் மகளாக வளர்ந்தபோது ஈர்க்குச்சி என்றுதான் தெருவில் பெயர். இப்போது பழைய ரவிக்கை எதுவும் முழங்கைக்கு மேலே ஏறுவதில்லை. ஆனால் அவளை உருக்கியது வேறு. பங்குனிப் பொங்கலன்று ஊர் கூடிய இடத்தில் அவளைத் தராசில் வைத்து நிறுக்கப் போகிறார்கள்.

புரட்டாசியில் தமிழ்மதி பிறந்தபோது ஆனந்திக்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை. திண்டுக்கல் ஆசுபத்திரியில் பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று கிடந்தார்கள். அவளுக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில் இல்லை. நினைவு வந்து பார்க்கும்போது முத்துப்பேச்சி தாலிக் கயிற்றில் ஒரு மஞ்சள் துணியை முடிந்து வைத்திருந்தாள். ஊர் எல்லை மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டாளாம். மருமகள் பிழைத்து எழுந்தால் அவள் எடைக்கு எடை மல்லிகைப் பூ. அதுவும் கடையில் வாங்கிய பூ இல்லை, சொந்தத் தோட்டத்துப் பூ. அதுவும் ஒரே விடியலில் பறித்த பூ. நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் இப்படியெல்லாம் வேண்டத் தோன்றும். மல்லிகை மொட்டு என்ன கனம் இருக்கும்? உள்ளங்கை நிறைய அள்ளினாலும் அள்ளின மாதிரியே இருக்காது. ஒரு ஆளின் எடைக்கு அதைக் குவிப்பதென்றால் தோட்டமே ஒரு காலையில் மொட்டையாக வேண்டும். பூ குறைந்தால் வேண்டுதல் குறை. குறை வைத்தால் ஆத்தா கொடுத்ததைத் திருப்பிக் கேட்பாள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பட்டணத்துப் பெண் ஆனந்தி, அதை நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தமிழ்மதி தூக்கத்தில் ஒரு மூச்சை இழுத்து விடுகிறபோதெல்லாம் நெஞ்சு திக்கென்றது.

போதாக்குறைக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சிவனம்மாள். வாய் இல்லாவிட்டால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பம்புசெட்டில் துணி துவைக்கும்போது சொன்னாள். "ஒரு தோட்டத்துப் பூவு ஒம் மருமகளுக்குக் காணுமா முத்துப்பேச்சி? என் தோட்டத்தையும் சேத்துக்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கல்லின் மறுபக்கம் ஆனந்தி பிள்ளைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் சபதம் போட்டாள்.

முதலில் நடந்து பார்த்தாள். விடிகிற நேரத்தில் புருசன் பிரபுவின் பழைய கேன்வாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வரப்போடு கிணற்று மேடு வரைக்கும் போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். திண்டுக்கல்லில் மலைக்கோட்டையைச் சுற்றி ஆம்பளையும் பொம்பளையும் நடக்கிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இங்கே பச்சை உடம்புக்காரி ஒருத்தி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு தினம் கருக்கலில் கிணற்றைப் பார்த்து வேகமாகப் போனால் ஊர் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. நாலாம் நாள் காலையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முத்துப்பேச்சி வெற்றிலையை மென்றுகொண்டு கூடவே வந்துகொண்டிருந்தாள். மருமகள் நின்றால் அவளும் நின்றாள்.

"எதுக்கு அத்தை வாரீக?"

"சும்மாத்தான். நீ எதுக்கு வார?"

"நடக்க."

"எங்க?"

எங்கேயும் போகாமல் நடப்பதை அந்த வரப்பில் நின்று எப்படி விளக்குவது? முத்துப்பேச்சி கிணற்றையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன கொறை இருந்தாலும் ஏங்கிட்டச் சொல்லு ஆத்தா. எம் மகன் ஏதும் சொன்னானா?" என்று குரல் தாழ்த்திக் கேட்டாள். சாயங்காலம் பார்த்தால் கிணற்று மேட்டுக்குப் போகிற தடத்தில் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. பிரபு மூன்று நாள் பெண்டாட்டி முகத்தை நேராகப் பார்க்காமல் திரிந்தான். நடை அத்தோடு நின்றது.

பிறகு கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்தவன் பால் கொடுத்திருக்க மாட்டான். காலையில் கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு வைராக்கியமாக இருப்பாள். பிள்ளை ஒரு தரம் குடித்து விட்டால் போதும், உடம்பில் இருக்கிற சத்தெல்லாம் வடிந்து வயிற்றில் தீ மூளும். அடுப்படிக்குப் போய் நின்றபடியே பழைய சோற்றைப் பிசைந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன இருக்கிறது என்று தேடி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி அள்ளி அள்ளித் தின்பாள். தின்று முடித்துத் தன்மேலேயே ஆத்திரமாக வரும். நாளையிலிருந்து என்பாள். நாளை வரும், களி வரும், எதிரில் முத்துப்பேச்சி உட்காருவாள். இப்படியே மாசி போனது. ஒரு நாளாவது முழுசாக ஜெயித்தோம் என்று படுத்ததில்லை.

பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் பிரபு பூச்சாக்குகளை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனந்தி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, சாக்க நனைச்சு வச்சா என்ன? பூவு கொஞ்சம் கனக்கும்ல. யாவாரத்துல செய்யிறதுதான?"

பிரபு சிரிக்கவில்லை. "அது யாவாரம். இது ஆத்தா" என்றான். அடுத்த சாக்கை உதறிக்கொண்டே, "நான் மட்டும் அதை நெனைக்கலேனு பாத்தியா?" என்றும் சொன்னான்.

விடிவதற்கு முன்பே தோட்டத்தில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். சொந்தத்தில் பத்துப் பேர் வருவார்கள் என்று பார்த்தால் பாதி ஊர் வந்திருந்தது. சிவனம்மாளும் வந்திருந்தாள், மடியை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசையில். கூலிப் பேச்சு இல்லை, வெட்டிப் பேச்சும் இல்லை. மொட்டுக் கிள்ளுகிற சத்தம் மட்டும் மழை தூறுகிற மாதிரி கேட்டது. நேர்ந்துகொள்ளப்பட்டவள் பூவில் கை வைப்பது வழக்கமில்லை என்று ஆனந்தியைக் கோவில் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். கோவில் தோட்டத்தின் தலைமாட்டிலேயே இருந்தது. வேப்ப மரக் கிளையில் வெங்காய மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் உட்காரப் பலகை, மறுபக்கம் ஆள் உயர மூங்கில் கூடை. இரண்டும் சமன் நிற்கும்படி பிரபு பலகையின் அடியில் ஒரு கல்லைக் கட்டினான்.

ஆனந்தி மறைவுக்குப் போய்த் தமிழ்மதிக்கு இரண்டு பக்கமும் வற்ற வற்றப் பால் கொடுத்தாள். பால் எடையாவது குறையட்டுமே! வெட்கம் கெட்ட கணக்குதான். பிள்ளை குடித்து முடித்துக் கடைவாயில் ஒழுகவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு பிள்ளையைக் கோவில் வாசலில் துணி விரித்துக் கிடத்திவிட்டுப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். பலகை சட்டென்று இறங்கிக் கால் பாதம் மண்ணில் பதிந்தது. கூடை மேலே போய் ஆடியது. கண்ணை மூடிக்கொண்டாள். யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. மடி மடியாகப் பூ வந்து விழுந்தது. ஏணி போட்டு ஏறிச் சாக்கைச் சாய்த்தான் பிரபு. சத்தமே இல்லாமல் விழுகிற கனம் அது. வாசம்தான் முதலில் வந்து அவளை மோதியது. கண்ணைத் திறந்தபோது கூடை நிறைந்து, விளிம்பைத் தாண்டிக் கோபுரமாக எழும்பியிருந்தது. பச்சை வெளுப்பு மாறாத மொட்டு, பனியோடு, வேப்பங்கிளையைத் தொடுகிற உயரத்துக்கு. இத்தனையும் அவளுக்கு ஈடு. இம்புட்டா நான் என்று நினைத்தாள். எத்தனையோ மாதமாக அதே வார்த்தையைத்தான் அவள் தன்னிடம் சொல்லி வந்தாள், கண்ணாடிக்கு முன்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்றைக்குச் சொல்லும்போது மேலெல்லாம் புல்லரித்தது.

ஆனால் பலகை மண்ணை விட்டு எழவில்லை. கடைசிச் சாக்கும் தீர்ந்தது. பிரபு கூடையின் அடியை ஒரு விரலால் லேசாக இழுத்தான். அசைந்து கொடுத்தது. விரலை விட்டான், பழையபடி நின்றது. அவ்வளவுதான் குறை. அந்த அவ்வளவைத் தாண்ட முடியாமல் ஊரே கூடையை அண்ணாந்து பார்த்து நின்றது. ஆனந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு மாதம் ஒழுங்காக நடந்திருந்தால், அந்தக் களியை ஒரு பத்து நாள் தள்ளியிருந்தால்!

பூசாரி கிழக்கே பார்த்தார். "வெயிலு இன்னும் தோட்டத்துக்குள்ள விழுகல. விழுகிற வரைக்கும் விடியல்தான்" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே முத்துப்பேச்சி வரப்பில் இறங்கிவிட்டாள், பின்னாலேயே மற்றவர்களும். பறித்துப் போட்ட செடியில் மறுபடி பூத் தேடுவது வழித்த சட்டியைச் சுரண்டுகிற வேலை. ஆனந்தி பலகையை விட்டு எழுந்தாள். வாசலில் கிடந்த பிள்ளையை எடுத்துச் சிவனம்மாளின் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள். வழக்கமில்லை என்று யாரோ முனகினார்கள். பூசாரி கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முத்துப்பேச்சி நின்ற வரிசையில்தான் போய் நின்றாள். இலைக்கு அடியில், தூரோடு ஒட்டி, மற்றவர்கள் விட்டுப் போன மொட்டு ஒன்றிரண்டு இருந்தது. குனிந்தால் வயிறு மடிந்து மூச்சு முட்டியது. முட்டட்டும் என்று குனிந்தாள்.

"அத்தை, நான் மெலியணும்னுதான் நடந்தேன். கெணத்துக்கு இல்ல. எம்புட்டோ பாத்தேன். முடியல."

முத்துப்பேச்சியின் கை நின்றது. "மெலியவா?" என்றாள். அவளுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "கிறுக்கி. ஒன்னைய ஆசுபத்திரியில கட்டிலு மாத்துனாக. தலைமாட்டுல நான் பிடிச்சேன், கால்மாட்டுல ஆயா பிடிச்சா. தூக்குனா ஒண்ணுமே இல்ல. சருகு கணக்கா கையில வாரே. எத்தனை பொணத்தக் குளுப்பாட்டித் தூக்கிருக்கேன், அதுக கூடக் கனக்கும். நீ கனக்கல. அப்பத்தான் வேண்டுனேன், ஆத்தா, இவ கனக்கணும், எம்புட்டுக் கனத்தாலும் அம்புட்டுப் பூத் தாரேன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு செடியை விலக்கினாள். "மெலியணுமாம்ல. செத்த நேரம் பேசாமப் பறி, வெயிலு வருது."

ஆனந்தி பறித்தாள். இவள் மெலியணும் என்று நடந்திருக்கிறாள், பின்னாலேயே ஒருத்தி இவள் கனக்கணும் என்று கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தொடையும் வயிறும் புஜமும், அவள் தூற்றின ஒவ்வொன்றும், அந்தக் கட்டிலில் இல்லாமல் போய்த் திரும்பக் கேட்டு வாங்கப்பட்டது. யோசிக்க யோசிக்க அவளுக்குப் பயமாகவே இருந்தது, கோவிலுக்குள் தனியாக நிற்கிற பயம்.

வெயில் தென்னை மட்டையைத் தாண்டித் தோட்டத்தில் கால் வைத்தபோது எல்லாரும் கரையேறினார்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு கை, அரைக் கைதான் இருந்தது. ஆனந்தி போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை, முழு ஆளாக உட்கார்ந்தாள். அவள் பறித்ததையும் வாங்கி ஒவ்வொருவராகக் கூடையில் போட்டார்கள். கடைசியாக முத்துப்பேச்சி ஏணியில் ஏறினாள். மடியை அவிழ்த்து ஒரேயடியாகக் கொட்டவில்லை. பிடி பிடியாகப் போட்டாள்.

வேப்பங்கிளை முனகியது. ஆனந்தியின் குதிகால் எழுந்தது, பிறகு முன்பாதம். பெருவிரல் நுனி மட்டும் மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, கோடு அறுந்து, காற்றில் நின்றது. மேலே முத்துப்பேச்சி இன்னும் போட்டுக்கொண்டே இருந்தாள். பாதத்தில் ஒட்டியிருந்த தோட்டத்து ஈர மண் உதிர்ந்து உதிர்ந்து கீழே விழுந்தது.