அக்கா செய்த ஹீட்டர்

எங்கள் வேனுக்காக அக்கா வடிவமைத்த சின்ன கேஸ் ஹீட்டர், கீழே விழுந்தால் தானாக அணைய வேண்டும். அணைந்தால்தான் அக்காவின் சுட்டிக் குழந்தையோடு பனிமலைக்குப் பயணம் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

வாசலில் வைத்துப் பற்றவைத்தோம். பெயிண்ட் உரிந்துவிடுமோ என்று அக்கா அதை மெல்லச் சாய்த்தாள். சுடர் அணைந்தது.

"இதெல்லாம் செல்லாது. தொட்டில்ல போடுற மாதிரி படுக்க வைக்கிற! நம்ம வாலு இடிச்சா இப்படியா விழும்? உதைம்மா!" என்றார் மாமா.

"ஐயோ, மாட்டேன்."

"அப்ப வீட்லயே கிடப்போம்."

மறுபடி பற்றவைத்த அக்கா, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தாள். ஹீட்டர் உருண்டு சுவரில் மோதியது. வால்வு டக்கென்று மூடிக்கொண்டது.

"அணைஞ்சிடுச்சுக்கா!" என்று கத்தினேன். நசுங்கிய மூலையை அவள் பார்க்கக்கூட இல்லை. வேன் சாவியை எடுக்க உள்ளே ஓடினாள்.