திரிகை மேல் ஒரு சர்ச்லைட்

எங்கள் நாடகக் கம்பெனி முதலாளி நஞ்சுண்டசாமி சென்னைக்குப் போய்விட்டு மைசூருக்குத் திரும்பிய நாளோடு எங்கள் நிம்மதி போயிற்று. யுத்த காலம். அங்கே துறைமுகத்தில் ஆகாயத்தைத் துழாவும் சர்ச்லைட்டைப் பார்த்துவிட்டாராம். அது நம் மேடைக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நாடகத்தில் நான் கோட்டைச் சிறையிலிருந்து தப்பி ஓடும் ராணி. ஓடும்போது வெளிச்சம் என்னைத் தேட வேண்டும்.

"ராஜா காலத்துக் கோட்டையில சர்ச்லைட் ஏதுங்க?" என்று கேட்டேன்.

"டிக்கெட் வாங்கறவன் கேக்கலே, நீ கேக்கறியா கமலம்மா? சும்மா இரு" என்றார்.

சும்மா இருப்பதுதான் எனக்கு அங்கே வேலையே. ஆட்டம் இல்லாத நேரமெல்லாம் பெண்களைக் கம்பெனி வீட்டில் வைத்து வெளிக்கதவைப் பூட்டிவிடுவார். கடைத்தெருவுக்குக்கூட விடமாட்டார். "ராணியைக் கத்தரிக்காய்க் கடையில ஓசியில பாத்துட்டா, எவன் காசு குடுத்துக் கொட்டகைக்கு வருவான்?" என்பார். அவருக்கு அது வியாபாரம். எனக்கு அது ஜெயில். மேடையில் ஒரு ஜெயில், வீட்டில் ஒரு ஜெயில், நடுவில் திரை போட்ட ஜட்கா வண்டி.

என் மகள் லிங்கம்மா குண்டலுபேட்டையில் என் அக்காவிடம் வளர்ந்தாள். அவளைப் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "இந்த ஊர் கேம்ப் முடியட்டும்" என்பார் முதலாளி. ஊர் முடியும், அடுத்த ஊர் வரும். இந்த முறை அக்கா ஒரு வெற்றிலை வியாபாரியிடம் சொல்லியனுப்பியிருந்தாள். என் படம் போட்ட நாடக நோட்டீசை அங்கே யாரோ கொண்டுபோய்க் காட்டினார்களாம். "இந்த அக்கா யாரு?" என்று லிங்கம்மா கேட்டாளாம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கம்பெனி ஹூப்ளிக்கு ரயிலேறுகிறது என்று அதே வாரம் சொல்லிவிட்டார்கள். ஹூப்ளிக்குப் போனால் ஆறு மாதம். அதற்குள் அவள் என்னை முழுக்க மறந்துவிடுவாள்.

சர்ச்லைட் கதைக்கு வருகிறேன். பெட்ரோல் கிடைக்காமல் படுத்துக் கிடந்த முதலாளியின் காரிலிருந்து ஒரு முன்விளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் வைத்து, வாய்ப்பக்கம் வட்டமாக வெட்டினார்கள். வெளிச்சம் கத்தியாக வந்தது. அதைச் சுற்றவைப்பதுதான் பாடாகிவிட்டது. கயிற்றில் தொங்கவிட்டால் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடியது. வண்டிச் சக்கரத்தில் கட்டினால், சக்கரம் போட்ட கூச்சலில் என் பாட்டே கேட்கவில்லை. கடைசியில் எங்கள் சமையற்காரி சித்தம்மா, கொள்ளேகால் பக்கத்துக்காரி, கேழ்வரகு அரைத்துக்கொண்டே தலைநிமிராமல் சொன்னாள்:

"என்ற திரிகை மேல வெச்சுப் பாருங்க சாமி. ஆடாமச் சுத்தும்."

திரிகையைக் கொட்டகையின் பின்கோடியில் இருந்த பரண்மேல் ஏற்றினார்கள். மேல்கல்லின் குழியில் ஒரு பிடி கேழ்வரகு போட்டு, மேலே பலகை கட்டி, பலகைமேல் காரின் பாட்டரியையும் தகர விளக்கையும் வைத்தார்கள். பையன்கள் சுற்றினால் வெட்டி வெட்டி ஓடியது. சித்தம்மா உட்கார்ந்து முளைக்குச்சியைப் பிடித்தாள். வெளிச்சம் மேடையின் இடது கோடியில் புறப்பட்டு, வழுவழுவென்று வலது கோடிக்குப் போய், பக்கச் சுவரைத் தடவி, பின்சுவரைச் சுற்றி, மறுபடி மேடைக்கு வந்தது. கீழே பெஞ்சு டிக்கெட்காரர்கள் தலையில் மாவு உதிர்ந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஜனங்கள் மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள்.

முதலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "சென்னையில அது போயிட்டுத் திரும்பி வரும்மா. ஒரே பக்கமா சுத்தாது" என்றார்.

"கல்லத் திருப்பி எதுக்காலே சுத்தமாட்டனுங்க. எழவூட்டுலதான் எடப்பக்கமாச் சுத்துவாங்க. அரைக்கற கல்லுக்கு ஆகாது."

"இது விளக்கும்மா!"

"உங்களுக்கு வெளக்கு. எனக்குக் கல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். எனக்கோ அந்தப் பிடிவாதத்தில் ஒரு வழி தெரிந்தது. வெளிச்சம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகும். மேடையைத் தாண்டி, வலப்பக்கச் சுவரில் இருந்த கதவையும் தாண்டிவிட்டால், அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வரும். அதுவரை மேடையும் கதவும் இருட்டு. தீப்பிடித்தால் ஜனங்கள் ஓட வேண்டுமே என்று ஆட்டம் நடக்கும்போது அந்தக் கதவைப் பூட்டமாட்டார்கள், தாழ்ப்பாள் மட்டும்தான். காவலுக்கு நிற்கும் லிங்கப்பனும் இந்தக் காட்சியில் வெளிச்சத்தைப் பார்க்கத் தூண்பக்கம் வந்து வாயைப் பிளந்து நிற்பான். இரண்டு தெரு தாண்டினால் பஸ் ஸ்டாண்டு. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்புகிற குண்டலுபேட்டை பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ், அதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். சிறைக்கம்பியை விலக்கிக்கொண்டு வந்தேன். பாடினேன். ஓடினேன். வெளிச்சம் என் முதுகைத் தொடாமல் போயிற்று, கதவைத் தடவிற்று, பின்பக்கம் திரும்பிற்று. மேடையிலிருந்து குதித்தேன். கதவுக்கு வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

வெளிச்சம் திரும்பி வந்தது.

என் முகத்திலேயே வந்து நின்றது. கண் கூசிற்று. சித்தம்மாவா என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்தேன். அதற்குள் பரணிலிருந்து முதலாளியின் குரல்: "பாத்தீங்களா? திரும்பி வருது பாருங்க!" பொறுக்கமாட்டாமல் ஏறிப்போய், அவளை எழுப்பிவிட்டுத் தானே குச்சியைப் பிடித்திருக்கிறார். லிங்கப்பன் என்னைப் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. நான் அசையவில்லை. பிடிபட்ட எலி எங்கே ஓடும்?

அப்போதுதான் கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். ராணி தங்கள் நடுவிலேயே தப்பி ஓடுகிறாள், கதவருகில் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டாள், என்ன ஜோடனை! "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று பெஞ்சுகளை உதைத்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒன்ஸ் மோருக்கு மறுபேச்சு இல்லை. செத்து விழுந்தவன்கூட எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, மறுபடி பாடிச் சாவான். ஆர்மோனியக்காரர் பாட்டின் ஆரம்பத்துக்கே போய்விட்டார். நான் மேடையேறி, என் கையாலேயே சிறைக்கம்பியைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். அந்த நிமிஷம் மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை. அதற்கும் தட்டினார்கள்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மேலிருந்து கத்தினார்: "லிங்கப்பா! இந்தத் தடவை கதவைத் தெறந்து விடுடா! அம்மா வெளியே ஓடட்டும், லைட்டு ரோடு வரைக்கும் போகட்டும்!"

லிங்கப்பன் ஒரு கணம் தயங்கினான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் முதலாளி சொன்னால் சொன்னதுதான். தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்து, ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

பாட்டை முடித்தேன். ஓடினேன். இந்தத் தடவை இருட்டு இல்லை. வெளிச்சம் கூடவே வந்தது. ஜனங்கள் எழுந்து நின்று வழி விட்டார்கள், "ஓடு தாயி, ஓடு!" என்று ஒருவர் கத்தினார். பரணடியில், முதலாளி ஏறிப்போன ஏணி தரையில் படுத்திருந்தது. அதன்மேல் சித்தம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வாசலைத் தாண்டி, வெளிச்சம் எட்டாத தெருமுனைக்கு வந்தபோது பின்னால் மறுபடி கேட்டது: "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கால் நின்றது. பாழாய்ப்போன பழக்கம், உடம்பு தானாகக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷம் அந்தக் குரலுக்குத் திரும்பி வந்த கால்! சரிகை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "லிங்கம்மா, லிங்கம்மா" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் காலை நகர்த்தினேன்.

பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அரிதாரம் வழிந்த முகம், காலில் காகிதச் சங்கிலி. அடக்க முடியாமல் விக்கி விக்கி அழுதேன். ஒருவரும் கைதட்டவில்லை. கூடைக்காரி ஒருத்தி கூடையை மடியில் எடுத்துக்கொண்டு நகர்ந்து, உட்கார இடம் கொடுத்தாள்.