அழகன் வந்தால் நிற்கும் பாட்டு

தலவாக்கலையில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் அழகன் இருபது அடிக்குள் வந்தால் டிஜே பெட்டியில் ஓடும் பாட்டு நின்றுவிடும். விலகிப் போனால் விட்ட இடத்திலிருந்து பாடும். வலப்பனைச் சந்தையில் கரட் விலை தெரிந்த எல்லோருக்கும் இதுவும் தெரியும். காரணம் அவனுடைய வயிற்றெரிச்சல்தான், வேறெதுவும் இல்லை.

டொலர் தட்டுப்பாட்டில் புதிய பெட்டிகள் வராமல் போன வருடம், தேய்ந்த பெட்டிகளுக்கு நிறம் அடிக்கும் வேலை பட்டறையில் குவிந்தது. பெட்டியின் மேல் இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கும். விரல் வைத்தால் பாட்டு நிற்க வேண்டும், எடுத்தால் ஓட வேண்டும். பெயின்ட் தடித்தால் தட்டுக்கு விரல் தெரியாது. பெயின்டில் உலோகம் கலந்தாலோ யாரும் தொடாமலே தொட்டதாக நினைத்துக்கொள்ளும். பதினெட்டு வருடம் ஓட்டோவுக்கும் லொறிக்கும் அடித்துப் பழகிய அழகன் தட்டுக்கும் தடிப்பாகவே அடித்தான். மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்திருந்த அவன் மனைவி கோசலா ஒன்றை எடுத்து, பழையதைச் சுரண்டி, மெல்லிசாக அடித்துக் காயவைத்தாள். அந்தத் தட்டு, விரல் ஒரு சாண் தூரத்தில் வரும்போதே உணர்ந்தது. அடுத்த மாதம் அவள் அடித்த தட்டில், டிஜேகாரன் நிறுத்த நினைத்ததுமே பாட்டு நின்றது. டயகமவிலிருந்தெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் அழகனைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா இல்லீங்களா?" என்று கேட்டார்கள். "ஏன், நான் இருக்கேன்ல?" என்று ஒருநாள் டயகம டிஜே வினோஜனிடம் சொல்லிப் பார்த்தான். "பரவாயில்லண்ணே, அக்கா வரட்டும்" என்று வினோஜன் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டான்.

வினோஜன் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காகத் தட்டுகளைச் சாம்பல் நிறமாக்கக் கொடுத்திருந்தான். கோசலா தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்து, லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்டை அவளுடைய டின்னில் மூன்று கரண்டி ஊற்றி அழகன் கலக்கினான். பாட்டு தொடங்கவே கூடாது, ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவன் வெளியே போயிருந்தபோது கோசலா, அந்தப் பெயின்டை அடித்துக் காயவைத்த தட்டைச் சோதித்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. திருவிழாவன்று அழகன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனான். தேருக்குப் பின்னால் லொறியில் பாட்டு அதிர, சனம் ஆடிக்கொண்டிருந்தது. என்னவென்று பார்க்கக் கிட்டே போனான், பாட்டு நின்றது. சந்தோஷத்தோடு விலகினான், ஓடியது. மறுபடி போனான், நின்றது. ஏழாவது தடவை வினோஜன் மைக்கை எடுத்து, "அழகண்ணே, கொஞ்சம் தண்ணிப் பீலிப் பக்கமா போய் நில்லுங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

திருவிழாவுக்கு வந்திருந்த கோசலா லொறியில் ஏறித் தட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, தண்ணி கொட்டும் பீலிக்கு வந்தாள்.

"என்னத்த கலந்தீங்க?"

"தகரத்துப் பெயின்டு."

"எதுக்கு?"

"எல்லாரும் ஒன்னையே கேக்குறாங்க. என்னைய ஒருத்தனும் கேக்கல."

"அதுக்கு என் வேலையக் கெடுப்பீங்களா?" என்றாள். பிறகு பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. வினோஜனின் தட்டைச் சுரண்டித் திருப்பி அடித்தும் அது அழகனை மறக்கவில்லை. அதற்குப் பின் புது டின்னில் அவள் அடித்த தட்டுகளும் அவனைத் தூரத்திலேயே கண்டுகொண்டன. மற்றபடி வேலையில் குறையில்லை என்று வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்துக்குப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையாட்டி அலுத்துப்போன பெண்வீட்டார்தான் முதலில் அழகனைத் தேடி வந்தார்கள். "அண்ணன் இல்லீங்களா?" என்று கோசலாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். முகூர்த்தத்துக்கு அவன் மண்டப வாசலில் கால் வைப்பான். பாட்டு நிற்கும், அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பும். போன வைகாசியில் ஹட்டன் கல்யாணமொன்றின் அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள்: பாட்டு வினோஜன், தட்டு கோசலா, நிறுத்தம் அழகன்.

அழகன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஒன் பேரு கொஞ்சம் பெருசா இருக்கோ?"

"ஒங்களதுதான் ஒரு நூல் பெருசு" என்றாள் கோசலா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

அவன் நம்பவில்லை. அளவுகோலை எடுத்துவந்து இரண்டு பெயரையும் அளந்தான்.