நூற்றொன்று புள்ளி நான்கு ஆறு ஐந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கல்லூரியில் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனி வரை வர அதற்கு நான் நேரமே கொடுப்பதில்லை, அதற்குள் கத்திவிடுவேன். பதினோரு வருடமாக இரண்டாம் ஆண்டு சிவில் பிள்ளைகளுக்கு நில அளவை சொல்லித்தருகிறேன். வெயிலில் நின்று அறுபது பேரை மேய்ப்பவளுக்குக் குரல் பெரிதாக இல்லாமல் எப்படி இருக்கும்?

முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். கல்லூரி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. அதன் உயரம் நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கிளம்பி, மூன்று கால் ஸ்டாண்டில் லெவல் கருவியை வைத்து, ஒருவன் நிறுத்திப் பிடித்திருக்கும் நீள அளவுகோலைக் கண்ணாடி வழியாகப் படித்து, இப்படியே தத்தித் தத்தி நூலகம் வரை போக வேண்டும். நூலகத்தின் மூலையில், அடிச்சுவரில், ஒரு பித்தளை ஆணி பதித்திருக்கிறது. அதன் உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதேபோல் அளந்துகொண்டே கேட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வந்தால் கல்லில் மறுபடி நூறு கிடைக்க வேண்டும். கிடைத்தால் நடுவில் எடுத்த அளவெல்லாம் சரி. கிடைக்காவிட்டால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம். இதை நான் முதல் வகுப்பிலேயே தொண்டை கிழியச் சொல்வேன்.

ஆணியின் உயரம் 101.465. கட்டிடம் கட்டிய காலத்தில் அளந்து எழுதி வைத்தது. பிள்ளைகளுக்கு இது வெளியே காலை வைப்பதற்கு முன்பே தெரியும். போன வருடத்து அண்ணன்களும் அக்காக்களும் காதில் ஓதிவிட்டுத்தான் போவார்கள். பாதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து பொரி கடலை கொறித்தபடி, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நோட்டை நிரப்புவார்கள். எனக்குத் தெரியாதா? நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். ஆனால் அறுபது நோட்டு திருத்த வேண்டும். நான் பார்ப்பது ஒரே ஒரு எண். 101.465 இருந்தால் டிக், கையெழுத்து, பத்து மதிப்பெண். இல்லாவிட்டால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் "கவனக்குறைவு. திரும்பச் செய்."

இந்த வருடம் ஒட்டடைக்குச்சி வந்து சேர்ந்தான். அது நான் வைத்த பெயர் இல்லை, அவன் வகுப்பு வைத்தது. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அளவுகோலைப் பிடித்து நிற்க அவனையே அனுப்புவார்கள், எது கோல் எது ஆள் என்று தெரியாது. ஒரு வாரம் அவனே கருவியில் கண்ணை வைத்துப் படித்து, 101.434 என்று எழுதிக்கொண்டு வந்தான். முப்பத்தொரு மில்லிமீட்டர் குறைவு. குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் 101.431. மூன்றாம் வாரம் 101.426.

"என்னடா இது? மூணு வாரம், மூணு பதில். ஆணி என்ன நடந்தா போகுது?"

வகுப்பே சிரித்தது. அவன் நோட்டைப் புரட்டிக் காட்டினான். "மேடம், மூணு தடவையும் திரும்பி வந்து கேட் கல்லுல முடிச்சேன். ரெண்டு மில்லிதான் வித்தியாசம் வந்துச்சு."

"எதிர்த்துப் பேசாதே. அறுபது பேருக்கு வர்றது உனக்கு மட்டும் ஏன் வரல?"

அவன் நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். அரை மணியில் 101.465 என்று எழுதிக்கொண்டு வந்தான். டிக் போட்டுப் பத்து மதிப்பெண் கொடுத்தேன். "பார்த்தியா, கவனமா செஞ்சா வருது" என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதே நூலகத்தின் பொறுப்பாளர். வீட்டில் சத்தம் என் இலாகா, அமைதி அவர் இலாகா. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் ஒரே புலம்பல், படிப்பறைக் கதவு தரையில் உரசுகிறதாம். தச்சரைக் கூப்பிட்டு இரண்டு தடவை இழைத்தாயிற்றாம். "இழைச்சு இழைச்சு அதை ஜன்னலாக்கிடாதீங்க" என்று கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் புத்தகமும் ஒன்று, செங்கலும் ஒன்று. மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"வந்ததுதான் வந்தே, இதைப் பாரு" என்று கதவைக் காட்டினார். "மூணாவது தடவையும் இழைச்சாச்சு. கீழே இன்னும் உரசுது, மேலே பாரு, விரலே போகுது."

பார்த்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேலே ஒரு இடைவெளி. ஒரு முனையில் நூல் கூட நுழையாது, மறு முனையில் என் விரல் நுழைந்தது. ஈரத்தில் ஊதிய கதவு இப்படி இருக்காது. கதவுக்கு ஒன்றும் இல்லை, நிலைதான் கோணிப்போயிருந்தது. நிலை நின்ற சுவர் ஆணி இருந்த மூலையை ஒட்டிய சுவர்.

"சுவத்துல விரிசல் ஏதாவது வந்துச்சா?"

"நிறைய இருந்துச்சு. இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருதுன்னு போன மாசம்தான் பூசி வெள்ளையடிச்சாங்க."

மூன்று வாரம், மூன்று பதில். 434, 431, 426. ஒவ்வொரு தடவையும் கேட் கல்லில் சரியாக முடித்திருந்தான். அப்படியானால் அவன் அளவு சரி. ஆணிதான் இறங்கியிருக்கிறது.

லேபுக்கு ஓடினேன். கேண்டீனில் இருந்த ஒட்டடைக்குச்சியைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தேன். பதினோரு வருடத்தில் இந்த அளவையை நான் என் கண்ணால் எடுத்தது அன்றைக்குத்தான். பழக்கம் விட்டுப்போனதில் கருவியின் நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரவே மறுத்தது. 101.419 வந்தது. கேட் கல்லுக்குத் திரும்பினேன். ஒரே ஒரு மில்லி வித்தியாசம்.

நாற்பத்தாறு மில்லி இறங்கியிருக்கிறது. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் மட்டும் ஏழு.

"மேடம், உள்ளே சார் இருக்காரே" என்றான் பையன். அப்போதுதான் எனக்கு அந்தப் பயமே வந்தது. என் வீட்டுக்காரர் எட்டு மணி நேரம் உட்காரும் மேசை அந்த மூலையில்தான் இருக்கிறது.

கட்டிடத்தையே காலி செய்யச் சொல்லிவிடலாம் என்று ஓடி, ஒன்று பத்துக்குப் பிரின்சிபால் அறையில் நின்றேன். அவரும் சிவில்காரர், கட்டமைப்பு வடிவமைப்புப் பாடம் எடுத்தவர். நிதானமாகக் கேட்டார்.

"மேடம், கட்டிடத்துக்கு முப்பது வயசு. முப்பது வருஷத்துல நாலஞ்சு சென்டிமீட்டர் இறங்கியிருந்தா, அதுக்கு இன்னிக்கே ஆளை வெளியேத்தணும்னு இல்ல. வேகமா இறங்குதுன்னா அது வேற. ரெண்டு மணிக்கு மேல்மாடி ஹால்ல அரியர் எக்ஸாம், நூத்தி நாப்பது பேர். நிறுத்தினா யுனிவர்சிட்டிக்கு நான் பதில் சொல்லணும். வேகமா இறங்குதுன்னு காட்டுங்க, நிறுத்தறேன்."

"இந்தப் பையன் மூணு வாரமா அளந்திருக்கான் சார்."

"ஒரு பையன் அளந்ததை வெச்சா? வருஷா வருஷம் அதே ஆணியைத்தானே அளக்கறீங்க? இன்ஸ்பெக்ஷனுக்காக ஆறு வருஷ நோட்டு உங்க பீரோவுல இருக்குமே. கொண்டு வாங்க."

பையன் ஓடிப்போய் இரண்டு கட்டு தூக்கிக்கொண்டு வந்தான். பிரின்சிபால் புரட்டினார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது.

"எல்லாத்துலயும் நாலு ஆறு அஞ்சு. உங்க கையெழுத்து. இதுப்படி பார்த்தா கட்டிடம் ஆறு வருஷமா ஒரு மில்லி கூட அசையல." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எதை நம்பறது? உங்க ஆறு வருஷத்தையா, இன்னிக்கு அரை மணி நேரத்தையா?"

"அது பொய் சார்."

"எது?"

"நோட்டு எல்லாம். பசங்க அளக்கவே இல்ல. விடையைத்தான் எழுதினாங்க."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"அந்த விடை இருந்தாத்தான் கையெழுத்துப் போட்டேன்."

பதினோரு வருடமாக அடுத்தவரைத் திட்டியே பழகிய வாய். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்தைந்து.

அடித்த பக்கங்கள் இருக்குமே என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் நோட்டில் பக்க எண் அச்சடித்திருக்கும், கிழிக்கக் கூடாது. நான் அடித்தது அடித்தபடியே உள்ளே இருக்கும். ஓடினேன். போகிற வழியில் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டேன். "என்னம்மா ஆச்சு?" என்றார். "நோட்டு தேடணும், வாங்க. உள்ளே போகாதீங்க" என்றேன்.

மூன்று பேரும் லேப் தரையில் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் நோட்டையும் பிரித்துப் போட்டோம். டிக், டிக், டிக், என் கையெழுத்து. இவ்வளவு பொய்யிலும் என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது! தேட வேண்டியது குறுக்குக் கோட்டை மட்டும்.

"இதோ மேடம்" என்றான் பையன். ஐந்து வருடத்துக்கு முந்தையது, 101.462. அடித்திருந்தேன். வீட்டுக்காரர் ஒன்றைக் கொடுத்தார், மூன்று வருடத்துக்கு முந்தையது, 101.460. அதையும் அடித்திருந்தேன். போன வருட நோட்டு ஒன்றில் நான்கு பக்கம் தொடர்ந்து கோடு. நான்கிலும் 101.454. கடைசிப் பக்கத்தின் அடியில் குண்டு குண்டான எழுத்தில், "திரும்ப அளந்தேன் மேடம். கேட் கல்லில் ஒரு மில்லியில் முடிகிறது. இதுதான் வருகிறது." அதற்குக் கீழே என் கை எழுதியிருந்தது: "பிடிவாதம். மதிப்பெண் இல்லை."

யார் எழுதியது என்று முகம் ஞாபகம் வரவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மூன்று நோட்டையும் ஒட்டடைக்குச்சியின் நோட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிரின்சிபால் எக்ஸாம் சீட்டிங் ஷீட்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தார். நான் படிக்கப் படிக்கப் புள்ளி வைத்தார். ஐந்து வருடத்துக்கு முன் மூன்று மில்லி. மூன்று வருடத்துக்கு முன் ஐந்து. போன வருடம் பதினொன்று. இந்த மாதம் முப்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தொன்பது. இன்று நாற்பத்தாறு. கடைசிப் புள்ளி தாளில் இடம் இல்லாமல் விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்தது. அவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்று ஐம்பது. பிள்ளைகள் ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். "எல்லாரும் கீழே இறங்குங்க, ஓடாதீங்க" என்று பிரின்சிபால் கத்தினார். அவர் குரல் அத்தனை பேருக்கு எட்டவில்லை. நான் கத்தினேன். என் குரலுக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் அன்றைக்குக் கிடைத்தது. வரிசையாக வந்தார்கள், அலுத்துக்கொண்டார்கள், சிலர் சந்தோஷப்பட்டார்கள். மாடிப்படி திரும்பும் மேடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் போன மாதம் பூசிய வெள்ளைப் பூச்சு பிளந்து கிடந்தது. பிளவுக்குள் வெளியே இருந்த வெயில் தெரிந்தது. நூற்று நாற்பது பேர் அதைத் தாண்டித்தான் மேலே போனார்கள், யாரும் பார்க்கவில்லை. கடைசி ஆள் இறங்கியதும் பிரின்சிபால் என்னையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

மைதானத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நோட்டுகள் இன்னும் என் கையிலேயே இருந்தன.

ஒரு பெண் ஹால் டிக்கெட்டோடு வந்தாள். "மேடம், எக்ஸாம் இனிமே நடக்குமா, இன்னொரு நாளைக்கா?"

"இன்னிக்கு இல்லம்மா. உனக்கு என்ன பேப்பர்?"

"சர்வே மேடம். லேப்ல ஃபெயில் ஆனதால முழுப் பேப்பரும் திரும்ப எழுதணும்னாங்க." என் கையைப் பார்த்தாள். "அது என் நோட்டு மேடம்."

நோட்டைப் பார்த்தேன். ஹால் டிக்கெட்டில் இருந்த பெயர்தான் அட்டையிலும் இருந்தது, அதே குண்டு எழுத்தில்.

"உனக்கு எங்கே சீட்டு போட்டிருந்தாங்க?"

"மேல்மாடியில மேடம். அந்த மூலை, ஜன்னல் ஓரம்."

ஒரு வருடத்துக்கு முன்பே இந்தக் கட்டிடம் இறங்குகிறது என்று நான்கு தடவை எழுதிக் கொடுத்தவள். அதே குற்றத்துக்காக அவளை நானே அந்த மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன்.

"நீ போன வருஷம் அளந்தது சரிம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும் மேடம்" என்றாள். கோபமே இல்லை அவளிடம். சமாதானம் சொல்வதுபோல் சொன்னாள்: "இந்த தடவை பிரச்சினை பண்ண மாட்டேன் மேடம். கேட்டா நாலு ஆறு அஞ்சுன்னே எழுதிடலாம்னுதான் வந்தேன்."